ரயிலுக்குக் கட்டிய பரிவட்டம்

செல்லியம்மன் கோயில் தெருவில் பிறந்தவர்களுக்கு ரயில் என்றதும் நினைவுக்கு வருவது தண்ணீர்தான், பயணமெல்லாம் அப்புறம். பாலாற்று மணலில் ரயில்வேக்காரர்கள் இறக்கிய கிணற்றிலிருந்து காஞ்சிபுரம் ஸ்டேஷனின் மேல்தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோன இரும்புக் குழாய், அந்தத் தெருவின் அம்மன் தோப்புக்குள் புகுந்துதான் வெளியே வந்தது. தோப்போரத்தில் கருங்கல்லில் கட்டிய நீளமான தொட்டி ஒன்று இருந்தது. குழாயிலிருந்து பிரிந்த ஒரு கிளை வழியாக அதில் மணிக்கட்டுப் பருமனுக்குத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். ரயில் தொட்டி என்று அதற்குப் பெயர். எஞ்சின் குடித்த மிச்சம் நமக்கு என்று பெண்கள் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

அந்தப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உப்பு. உப்புத் தண்ணீரில் பட்டு நூலைக் காய்ச்சினால் பசை சரியாக விடாது. சாயம் திட்டுத் திட்டாக ஏறும். அரக்குச் சிவப்பில் முக்கியெடுத்த நூலில் ஒரு கழி செங்கல்லாகவும் அடுத்த கழி கத்தரிப்பூவாகவும் வெளியே வரும். பாலாற்றுத் தண்ணீரில் அந்தத் தொல்லை கிடையாது. அதனால்தான் ஊரில் வேறெங்கும் இல்லாதபடி அந்த ஒரே தெருவில் சாயப் பட்டறைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பாதித் தெருவுக்குச் சோறு போட்டது அம்மன் என்றால், மீதித் தெருவுக்கும் சேர்த்துப் போட்டது அந்தத் தொட்டி.

குமாரசாமி முதலியாரின் பட்டறை தொட்டிக்கு நேர் எதிரே இருந்தது. செல்லியம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தாவும் அவர்தான். அவருக்கு முன்னால் அவர் அப்பா, அதற்கு முன்னால் தாத்தா. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கிற நாளில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் அந்தத் தெருவில் இரண்டாம் பேச்சு இருந்ததில்லை. ரயில்வேக்குத்தான். குழாயைப் பார்த்துக்கொள்ளும் இன்ஸ்பெக்டர் எந்த ஊராக, எந்த மதமாக இருந்தாலும் சரி, செருப்பைக் கழற்றிவிட்டு அம்மன் எதிரே வந்து நிற்க வேண்டும். அம்மன் மேல் சாத்திய பட்டுத் துணியை எடுத்துக் குமாரசாமி அவர் தலையில் பரிவட்டமாகச் சுற்றிக் கட்டுவார். பம்பை முழங்கும். அதற்கப்புறம்தான் தெருக்காரர்களுக்குக் கூழ்.

தாத்தா காலத்தில் ஆரம்பித்தது அது. தோப்பைக் கீறிக் குழாய் போடவேண்டும் என்று வந்த வெள்ளைக்கார துரையிடம் தெருக்காரர்கள் தண்ணீர் கேட்டார்கள். குழாய் இருக்கும்வரை தண்ணீர் இருக்கும் என்றார் துரை. முதல் தண்ணீர் தொட்டியில் விழுந்த அன்றைக்கு, தொப்பியைக் கழற்றிவிட்டு, வெயிலில் வெந்து சிவந்த கழுத்தை அவர் குனிந்து காட்டினாராம். தாத்தா பரிவட்டம் கட்டினார். எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை. வாங்கத் தோன்றவும் இல்லை. அம்மன் துணி ஏறின தலை வாக்கு மாறாது என்பது தெருவின் நம்பிக்கை. அதற்குமேல் பத்திரம் எதற்கு?

எழுபத்தோராம் வருஷம் தை மாதம், இன்ஸ்பெக்டர் பரசுராமன் பட்டறைக்கு வந்தார். வழக்கமாகத் தொட்டியில் கையை நனைத்து முகம் துடைத்துக்கொண்டு உள்ளே வருகிறவர், அன்றைக்கு நேராக வந்து பலகையில் உட்கார்ந்தார்.

"முதலியாரே, ஒரு சமாச்சாரம். எப்படியும் உங்க காதுக்கு வரும். என் வாயாலயே சொல்லிடறேன்."

குமாரசாமி கொதிக்கும் அண்டாவில் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தார். "சொல்லுங்க சார். நூல உட்டுட்டு வர முடியாது. காது இங்கதான் இருக்குது."

"டீசல் எஞ்சின் வரப்போவுது. மிச்சம் ஓடற கரி எஞ்சினும் அரக்கோணத்துலயும் செங்கல்பட்டுலயும் தண்ணி புடிச்சிக்குமாம். இங்க ஸ்டேஷன் தொட்டி வாணாம்னு மேல முடிவு பண்ணிட்டாங்க."

"சரி."

"ஆத்துக் கிணறு, பம்பு, குழாய் எல்லாத்தையும் நகராட்சிக்குக் குடுக்கறாங்க. ஊர்க் குடிதண்ணிக்கு. வழியில இருக்கற கிளைய அடைச்சித் தந்தாத்தான் எடுத்துக்குவோம்னு அவங்க கண்டிஷன் போட்டிருக்காங்க."

குமாரசாமியின் கையிலிருந்த கோல் நின்றது. பிறகு மறுபடி புரண்டது. "அப்படிலாம் ஆவாது சார். உங்க தலையில அம்மன் துணி கட்டியிருக்கேன் நானு."

பரசுராமன் தலையைத் தடவிக்கொண்டார். "என் தல இன்னா பெரிய தல? இதுக்கு மேல எத்தினி தல இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அன்று மாலை கோயில் முன்னால் தெரு கூடியது. கூச்சல் போட்டுப் பிரயோஜனம் இல்லை, மனு கொடுப்போம் என்றார்கள். தெருவில் பிறந்து சட்டம் படித்தவன் உமாபதி ஒருவன். குமாரசாமிக்குத் தங்கை மகன் முறை. அவன்தான் மனுவை எழுதி, கையெழுத்து வாங்கி, உரியவர்களுக்கெல்லாம் அனுப்பினான். கடைசியில் சப்-கலெக்டர் விசாரித்து முடிவு சொல்லட்டும், அதுவரை தொட்டியில் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. வாய்தா மேல் வாய்தாவாக ஒரு வருஷம் போயிற்று. நடுவில் வந்த ஆடியில், வழக்கு நடக்கிறதே என்று யாரும் யோசிக்கவில்லை. எப்போதும்போல பரசுராமன் வந்தார், குனிந்தார், குமாரசாமி கட்டினார். பம்பைகூட அந்த வருஷம் கொஞ்சம் கூடுதலாகத்தான் முழங்கியது.

விசாரணைக்கு முந்தின நாள் உமாபதி பட்டறைக்கு வந்தான்.

"மாமா, நாளைக்குத் தெரு சார்பா நீங்கதான் சாட்சி. ஒண்ணே ஒண்ணப் புடிச்சிக்கோங்க. நெலத்துக்கு ஈடாத் தண்ணி. நம்ம தோப்பக் கீறிக் குழாய் போட உட்டோம், அதுக்குப் பதிலா அவங்க தண்ணி குடுத்தாங்க. அது ஒப்பந்தம். ஒப்பந்தம்னு ஆயிட்டா, குழாய யாரு வாங்கினாலும் அந்தப் பாரத்தோடதான் வாங்கணும். நகராட்சியும் தப்ப முடியாது."

"அதான நெசம்."

"ஆத்துத் தண்ணி எடுக்கற உரிமைய ரயில்வேக்கு எதுக்குக் குடுத்தாங்க? ரயில் ஓட்ட. ரயிலுக்கு வாணாம்னா அதத் தூக்கி வேற ஒருத்தருக்குக் குடுக்க இவங்களுக்கு இன்னா பாத்தியதைன்னு நான் கேக்கப்போறேன். அது என் பாடு. ஈடுங்கற சொல்லு உங்க பாடு."

குமாரசாமி யோசித்தார். "பரிவட்டத்தப் பத்தியும் சொல்லணுமேடா?"

"கோயில் சமாச்சாரம் அங்க எதுக்கு மாமா? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. போதும்."

ஏன் வேண்டாம் என்று அவன் விளக்கவில்லை. விளக்குகிற அளவுக்கு அவனும் அதைப் பற்றி யோசித்திருக்கவில்லை. குமாரசாமிக்கு அது ஒரு குறையாகவே இருந்தது. கையில் இருக்கிற பெரிய சாட்சியை வீட்டில் வைத்துவிட்டு வழக்குக்குப் போவதா? சாப்பிடும்போது மனைவி தையல்நாயகியிடம் சொன்னார்.

"சின்னப் பையன். சட்டம் படிச்சான், சாமி தெரியல."

அவள் மோரை ஊற்றினாள். "தோத்துட்டா இன்னா பண்ணுவோம்?"

"தோக்க மாட்டோம்."

"நான் கேட்டது அது இல்ல."

அவர் கையைக் கழுவப் போனார். அவளுக்கு அப்பா வீட்டுப் பக்கத்திலும் சாயத் தொழில்தான். தண்ணீர் கெட்டால் பட்டறை எத்தனை நாள் தாங்கும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விசாரணை நடந்த கூடத்தில் மின்விசிறி ஒன்று தலையை ஆட்டிக்கொண்டு சுற்றியது. சப்-கலெக்டர் இளவயசுக்காரர்; எல்லோரையும் உட்காரச் சொன்னார். நகராட்சி எஞ்சினீயர் முதலில் பேசினார். ஊர் பெருத்துவிட்டது, மேட்டுத் தெருக்களில் பெண்கள் விடியற்காலையிலேயே வரிசையில் குடம் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஆற்றில் புதுக் கிணறு இறக்க அரசாங்கத்திடம் பணம் இல்லை, ரயில்வே கிணறு கிடைத்தால் ஆயிரம் வீட்டுக்குக் குடிநீர் போகும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த மேட்டுத் தெரு ஒன்றில்தான் குமாரசாமியின் அக்கா மகள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். போன மாதம் அவள் வந்தபோது தொட்டியடியில் நின்று வெகுநேரம் குளித்ததை அவர் நினைத்துக்கொண்டார்.

பிறகு உமாபதி பேசினான். நன்றாகத்தான் பேசினான். ரயில் ஓட்டத் தந்த தண்ணீர் என்று அவன் ஆரம்பித்தபோது சப்-கலெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து குறித்துக்கொண்டார். தெருக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குமாரசாமி சாட்சி சொல்ல எழுந்தபோது பின்னால் இருந்து கலியாணசுந்தரம், "தெம்பாப் பேசு மாமா, நம்ம பக்கம் சாஞ்சிடுச்சி" என்று கிசுகிசுத்தான். கலியாணசுந்தரம் அடுத்த பட்டறைக்காரன், வாய்த்துடுக்கு.

உமாபதி கேட்டதற்கெல்லாம் குமாரசாமி சொல்லிக்கொடுத்தபடி சொன்னார். நிலத்துக்கு ஈடாகத்தான் தண்ணீர் என்று இரண்டு தடவை சொன்னார்.

ரயில்வே சார்பில் வந்திருந்த வக்கீல் திருஞானசம்பந்தம், நெற்றி நிறைய விபூதியோடு மெதுவாக எழுந்தார். அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் தேவாரம் பாடுகிறவர்கள். ஊரில் அவரைத் தெரியாதவர் இல்லை. குரல் உயர்த்தத் தெரியாத மனுஷர்.

"முதலியார், நிலத்துக்கு ஈடுன்னு சொன்னீங்க. எழுத்துல எதாவது இருக்கா?"

"இல்லீங்க."

"அந்தத் துரை சொன்னதக் காதால கேட்டவங்க யாராவது உயிரோட இருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க."

"அப்ப ஈடுன்னு எத வெச்சுச் சொல்றீங்க?"

உமாபதி குமாரசாமியின் முகத்தையே பார்த்தான். அவ்வளவுதான், 'பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கோம்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பத்திரம் இல்லை, சாட்சி இல்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தெருவையே பொய்யர்களாக நிறுத்திவிட்ட மாதிரி குமாரசாமிக்கு இருந்தது. ராத்திரியெல்லாம் நெஞ்சில் வைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"பரிவட்டம் இருக்குதுங்க."

உமாபதி கண்ணை மூடிக்கொண்டான்.

"தண்ணி உட்ட அன்னைக்கு எங்க தாத்தா அந்தத் துரை தலையில கட்டினாரு. அப்பால எங்கப்பா கட்டினாரு. நான் கட்டிக்கினு இருக்கேன். தோ குந்திக்கினு இருக்காரே இன்ஸ்பெக்டரு, அவரையே கேளுங்க. எங்க அம்மன் துணி ஏறின தல வாக்கு மாறாது. அதவிடப் பெரிய பத்திரம் எங்க தெருவுல கெடையாது."

கூடத்தில் தெருக்காரர்கள் பக்கமிருந்து ஒரு முனகல் எழுந்தது. சந்தோஷ முனகல். கலியாணசுந்தரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். திருஞானசம்பந்தம் தலையை ஆட்டி ரசித்தார்.

"நல்ல வழக்கம். எங்க கோயில்லயும் உண்டு. எனக்கும் ஒரு தரம் கட்டியிருக்காங்க. ஆமா, உங்க அம்மன் விளக்குக்கு எண்ணெய் எங்க வாங்கறீங்க?"

"செக்குக்காரரு கிட்ட."

"ஆடித் திருவிழாவுல செக்குக்காரருக்குப் பரிவட்டம் உண்டா?"

குமாரசாமிக்குச் சிரிப்பு வந்தது. "அவருக்கு எதுக்குங்க? துட்டு வாங்கிக்கினுதான குடுக்கறாரு."

"பந்தல் போடறவருக்கு?"

"அவருக்குக் கூலி இருக்குதே."

"சரி. பம்பை வாசிக்கறாங்களே, அவங்க? வருஷம் பூரா அம்மனுக்கு வாசிக்கறாங்க. அவங்களுக்கு?"

"அவங்களுக்கும் கெடையாதுங்க. அவங்களுக்குத்தான் கோயில்லருந்து மானியம் குடுத்து..."

குமாரசாமி நிறுத்தினார். சொல்ல வந்த வாக்கியத்தின் மிச்சம் அவர் கண்முன்னால் வந்து நின்றது.

"என்ன மானியம்?" திருஞானசம்பந்தம் அதே குரலில் கேட்டார்.

"நெலம்."

"அப்ப, கோயில் நிலத்துக்கு ஈடா வாசிக்கறாங்க. ஈடாச் செய்யறவங்களுக்கு உங்க அம்மன் பரிவட்டம் கட்டறது இல்ல."

மின்விசிறி ஒரு சுற்று போய்த் திரும்பியது. வரும் விருந்தாளிக்கெல்லாம் கட்டுவோம், அதில் ஒன்றும் விசேஷம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது குமாரசாமிக்கு அந்த நொடியில் புரிந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிக் கண்டவனுக்கெல்லாம் கட்டுகிற துணி இல்லை அது. மந்திரி ஒருவர் ஓட்டுக் கேட்டு வந்தபோதுகூட மாலையோடு அனுப்பிய தெரு அது. இத்தனை பேர் எதிரில் அம்மன் துணியை மலிவாக்கி ஒரு வார்த்தை சொல்ல அவர் நாக்கு எழவில்லை.

"கெடையாதுங்க."

"பின்ன யாருக்குக் கட்டுவீங்க?"

"உபயம் பண்றவங்களுக்கு."

"உபயம்னா ஐயாவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"மனசாரக் குடுக்கறது," என்றார் குமாரசாமி. குரல் அவருக்கே கேட்கவில்லை. "பதிலுக்கு ஒண்ணும் வாங்கிக்காம."

திருஞானசம்பந்தம் அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கை கூப்பிவிட்டு உட்கார்ந்தார். வென்ற சந்தோஷம்கூட அவர் முகத்தில் இல்லை. பரசுராமன் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா," என்று குமாரசாமி சப்-கலெக்டர் பக்கம் திரும்பினார். "குடுத்தது உபயம்தான்னே வெச்சிக்கோங்க. ஆனா கட்டிக்கினவங்க நிறுத்தக் கூடாது. அதுக்குத்தான கட்டறதே. ஒரு தபா ஏத்துக்கினா அது கடமையாயிடும். நிறுத்தினா..."

"நிறுத்தினா?"

"அம்மன் கேப்பா."

சப்-கலெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எழுதவில்லை. "அத அவங்கதான் கேக்கணும், பெரியவரே. இந்த நாற்காலிக்கு அந்த அதிகாரம் குடுக்கலையே," என்றார். அதில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் குமாரசாமிக்குக் கோபமாவது வந்திருக்கும்.

வெளியே வந்தபோது வேப்ப மரத்தடியில் ஒருவரும் அவரிடம் பேசவில்லை. உமாபதி காகிதங்களை அடுக்கிக் கட்டுவதிலேயே இருந்தான். கலியாணசுந்தரம் மட்டும் பக்கத்தில் வந்து நின்றான்.

"நல்லா வாசிச்ச மாமா. நம்ம பம்பைக்காரன் தோத்தான் போ."

உத்தரவு மாசியில் வந்தது. உமாபதி அதைப் படித்துக் காட்டினான். தெருவுக்கு விடப்பட்ட தண்ணீர் தயவின்பேரில் விடப்பட்டது. தெருவின் சாட்சியே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். தயவு எத்தனை காலம் நீடித்தாலும் உரிமை ஆகாது. ஊர் முழுவதின் குடிநீர்த் தேவை முதன்மையானது. ஆயினும் தெருவாசிகளின் கஷ்டத்தை உத்தேசித்து இரண்டு பொதுக் குழாய்கள் அமைத்துத் தரவேண்டும். அந்தத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே. தொழிலுக்குப் பயன்படுத்தினால் குழாய்கள் எடுக்கப்படும்.

"அப்பீல் போலாம் மாமா," என்றான் உமாபதி. "ரயில்வே தண்ணிய வேற ஒருத்தருக்கு மாத்திக் குடுக்கலாமாங்கற கேள்விக்கு அவரு சரியாப் பதிலே சொல்லல. ஆனா..."

"ஆனா நான் சொன்னது இருக்குது."

"இருக்குது."

குழாயை அடைப்பதற்கு இரண்டு நாள் முன்னால் பரசுராமன் வந்தார். மாற்றலாகிப் போகிறார். கையில் ஒரு காகிதப் பொட்டலம் வைத்திருந்தார். பிரித்துப் பலகையில் வைத்தார். வருஷா வருஷம் அவர் தலையில் கட்டிய துணிகள். துவைத்து மடித்திருந்தாலும் குங்குமக் கறை மட்டும் போகாமல் இருந்தது.

"இத வெச்சிக்க எனக்கு யோக்யதை இல்ல முதலியாரே."

"கட்டினதத் திருப்பி வாங்கற வழக்கம் எங்களுக்கு இல்ல சார்."

"என் பொஞ்சாதி பயப்படறா. வீட்ல வெச்சிக்கினு தண்ணிய நிறுத்திட்டுப் போனா எதாவது ஆயிடும்ங்கறா."

குமாரசாமி அந்தத் துணிகளைப் பார்த்தார். இந்தப் பூமியில் தன்னைத் தவிர இன்னும் ஒரு ஜீவன் அம்மன் கேட்பாள் என்று நம்புகிறது, அவளும் பயத்தால்தான் நம்புகிறாள் என்று நினைத்துக்கொண்டார். "ஒண்ணும் ஆவாது. எடுத்துக்கினு போங்க. நீங்க இன்னா பண்ணுவீங்க," என்றார். பரசுராமன் பொட்டலத்தை மறுபடி மடித்துச் சணலைச் சுற்றினார். குமாரசாமியே முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

பங்குனியில் ஒரு பகல் நேரம் தொட்டியில் தண்ணீர் விழுவது நின்றது. அதன் சத்தம் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தது என்பதே நின்றபிறகுதான் தெருவுக்குத் தெரிந்தது. வீட்டுக்குள் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று வெளியே வந்து பார்த்தார்கள். தொட்டியில் தேங்கியிருந்ததைப் பெண்கள் அடி தட்டும்வரை மொண்டார்கள். பாசி வழுக்கி ஒருத்தி விழுந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

குமாரசாமி உப்புக் கிணற்றுத் தண்ணீரில் முயன்று பார்த்தார். சலவைச் சோடாவைக் கூட்டினார், குறைத்தார். காய்ச்சி ஆறவைத்துத் தெளியவிட்டு எடுத்தார். ஒரு கல்யாணக் கூறைப் புடவைக்கு வந்த நூல் அண்டாவிலிருந்து வெளியே வந்தபோது, மேல் பாதி அரக்கு, கீழ்ப் பாதி வெயிலில் கிடந்த செங்கல். தறிக்காரர் வந்து பார்த்தார். திட்டுவார் என்று குமாரசாமி எதிர்பார்த்தார். அவர் நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா முதலியாரே பண்றது" என்று மட்டும் சொல்லிப் போனார். பிறகு அந்த வழியாக அவர் வரவே இல்லை. பணம் உள்ளவர்கள் ஓரிக்கைப் பக்கம் ஆற்றோரமாகக் கொட்டகை போட்டுத் தொழிலைக் கொண்டுபோனார்கள். கலியாணசுந்தரம் அப்படிப் போனவர்களிடம் கூலிக்கு நூல் முக்கப் போனான். குமாரசாமியையும் கூப்பிட்டான், கூப்பிட்டதில் குத்தல் இல்லை. அவர்தான் போகவில்லை. அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார். தையல்நாயகி அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்கு நூல் சுற்றப் போனாள். அன்றைக்கு மோர் சோற்றின்போது அவள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

ஆடி வந்தது. கோயில் முன்னால் கூடிப் பேசினார்கள். கூழுக்கு யார் கேழ்வரகு, பந்தல் எங்கே என்று பேச்சு ஓடி, முதல் மரியாதையில் வந்து நின்றது.

"நகராட்சி எஞ்சினீயருக்குக் கட்டலாம்," என்றான் கலியாணசுந்தரம். "குழாயில காலையில ஒரு மணி நேரம்தான் வருது. அதுவும் நூலாட்டம். நாலு வார்த்த நல்லபடியாச் சொல்லி, ஒரு பரிவட்டமும் கட்டினா மனசு எரங்கி ஜாஸ்தி உடுவாரு. உமாபதியும் அவர் கிட்டப் பேசியிருக்கான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். குமாரசாமி எழுந்தார்.

"வாணாம்பா."

"ஏன்?"

"நாம இப்போ வரி கட்டறோம். தண்ணி வரி. வரிக்கு ஈடா வர்ற தண்ணி அது. பத்தலன்னா நாம கேட்டு வாங்கணும். அந்த ஆளுக்குப் பரிவட்டம் கட்டிட்டா இதுவும் தயவாப் பூடும். நாளைக்கு எவனாவது வந்து நிறுத்தினா வாயத் தொறக்க முடியாது."

அவர் சொன்னது ஒருவருக்கும் புரியாமல் இல்லை.

"இத அங்க பேசியிருக்கணும் மாமா," என்றான் கலியாணசுந்தரம். "இங்க பேசறியே."

குமாரசாமி உட்கார்ந்துவிட்டார்.

கூழ் வார்க்கிற அன்று எஞ்சினீயர் ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மனுஷர். "எனக்கெதுக்குங்க இதெல்லாம்" என்று கூச்சப்பட்டார். தெருக்காரர்கள் விடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அம்மன் எதிரில் நின்றார். பூசாரி துணியை எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினார். கட்டவேண்டியவர் தர்மகர்த்தா. வேறு ஆள் கட்டலாமா என்று குமாரசாமி ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். எல்லோர் கண்ணும் அவர் மேல் இருந்தது. அந்தக் கண்களில் கோபம் இல்லை. தண்ணீருக்காக மட்டும் அவை காத்திருந்தன.

எஞ்சினீயர் குனிந்தார். எண்ணெய் தடவி வகிடெடுத்த தலை. துணியைச் சுற்றும்போது, தாத்தாவும் அப்பாவும் தானும் இத்தனை வருஷம் ஒவ்வொரு முடிச்சிலும் என்ன எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பது தெரிந்தே குமாரசாமி இந்த முடிச்சைப் போட்டார். இறுக்கித்தான் போட்டார். தளரக் கட்டுவது மரியாதை இல்லை. பம்பை முழங்கியது.

அன்று மாலை குழாயில் வழக்கமில்லாமல் தண்ணீர் வந்தது. வெகுநேரம் நிற்காமல் வந்தது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "பாத்தியா, கட்டின கையோட பலன்" என்று யாரோ உரக்கச் சொன்னது பட்டறைக்குள் கேட்டது. தையல்நாயகி நிரம்பிய குடத்தோடு உள்ளே வந்து, அவர் பக்கம் பார்க்காமல் அதை இறக்கி வைத்தாள்.

துணியில் இருந்த குங்குமம் குமாரசாமியின் விரல்களில் ஒட்டியிருந்தது. அவர் அந்தக் குடத்தில் கை வைக்கவில்லை. பின்கட்டுக்குப் போய் உப்புக் கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் கழுவினார். உப்புத் தண்ணீரில் அது திட்டுத் திட்டாகத்தான் போயிற்று.